சுழன்று சுழன்று சாகும் ஜிலேபி: மீன் மூளைக்குள் காவலுக்கு ஆள் உண்டா?

கடையத்துப் பண்ணை
திங்கள், காலை 6:10

அனைவருக்கும் வணக்கம். கடையம் பக்கம் இரண்டு பண்ணைக் குட்டை வைத்திருக்கிறேன். ஒன்றில் கட்லாவும் ரோகுவும், இன்னொன்றில் கிஃப்ட் என்ற ரகத்து ஜிலேபி மீன் (திலாப்பியா). கட்லா குட்டையில் ஒரு குறையும் இல்லை. ஜிலேபிதான் பத்து நாளாகச் செத்து மிதக்கிறது.

அக்கினி நட்சத்திரம் பிறந்த வாரம் தொடங்கியது. முதலில் போட்ட தீனி மிச்சம் கிடந்தது. சரி, வெயிலுக்கு இரை எடுக்கவில்லை என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் விடியற்காலை கரையோரம் ஒரு மீன், அரைக் கிலோவுக்குக் குறையாது, ஒரே இடத்தில் பம்பரம்போலச் சுற்றிக்கொண்டிருந்தது. கையை விட்டுத் தூக்கினேன். ஜிலேபியை அப்படித் தூக்க முடியுமா? முதுகு முள்ளை விரித்துக் கையைக் கிழித்துவிடும். இது துள்ளவே இல்லை. வலது கண் பிதுங்கி, பால் ஊற்றியதுபோல வெளுத்திருந்தது. திரும்பத் தண்ணீரில் விட்டதும் வில்லாக வளைந்து, மறுபடியும் அதே பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது. மத்தியானத்துக்குள் போய்விட்டது.

நேற்று சாயங்காலம் வரை 63 மீன் எண்ணிப் புதைத்திருக்கிறேன். மருந்துக் கடை ஒன்றில் ஒரு பொடி கொடுத்தார்கள். தீனியில் கலந்து ஐந்து நாள் போட்டாயிற்று, சாவு நிற்கவில்லை. ஊரில் ஒரு பெரியவர் இது மூளைக் காய்ச்சல் என்கிறார். என் கேள்வி இதுதான். மாட்டுக்குக் கோமாரி ஊசி போடுகிறோம், உடம்பில் எதிர்ப்புச் சக்தி வருகிறது. மீனுக்கு அப்படி ஒன்று உண்டா? உண்டென்றால் மூளை வரைக்கும் அது போகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


உவரிக்கரை
திங்கள், காலை 7:25

அண்ணாச்சி, படிக்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. கூண்டில் கொடுவா வளர்த்தபோது நானும் இதே சுற்றலைப் பார்த்திருக்கிறேன். விரல் நீளக் குஞ்சுகள் கறுத்துப்போய், சுருள் சுருளாக நீந்தி, வயிறு மேலாக மிதந்து சாகும். நோடா வைரஸ் என்று சொன்னார்கள். உங்களுடையதும் அதுதானோ?


செவுள்
திங்கள், காலை 9:40

அண்ணாச்சி, உங்கள் கேள்விக்குப் பிறகு வருகிறேன். இன்றைக்கே செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். தீனியை இரண்டு நாளைக்கு நிறுத்துங்கள். காற்றூட்டி இருந்தால் ராத்திரி முழுக்க ஓடட்டும். செத்த மீனை உடனுக்குடன் எடுத்துச் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதையுங்கள். மற்ற மீன்கள் அதைக் கடித்துத் தின்னும், நோய் பரவ அது பெரிய வழி. குட்டைத் தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிடவே விடாதீர்கள். ஆற்றிலும் ஜிலேபி இருக்கிறது. அந்தப் பொடியையும் நிறுத்திவிடுங்கள். என்ன கிருமி என்று தெரியாமல் போடுகிற மருந்து, கிருமிக்குப் பழக்கம் கொடுக்கிற மருந்து.

கண் பிதுங்கல், விழி வெளுத்தல், ஒரே பக்கச் சுற்றல், தகிக்கிற தண்ணீர், வளர்ந்த மீன். இத்தனையும் சேர்ந்தால் எனக்கு முதலில் தோன்றுவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா. மூளையுறையையும் மூளையையும் வீங்க வைக்கும். உவரி அண்ணன் சொன்ன நோடா பெரும்பாலும் குஞ்சுகளைத்தான் வாரிக்கொண்டு போகும். ஆனால் தோன்றுவதை வைத்து முடிவு செய்யக் கூடாது. மூளைக்குள் என்ன நடந்தது என்று மூளையைப் பார்த்தால்தான் தெரியும். 63 மீனைத் தலையோடு புதைத்துவிட்டீர்களே, அதுதான் எனக்கு வருத்தம்.

சுற்றிக்கொண்டிருக்கிற மீன் ஒன்றிரண்டை உயிரோடு எடுத்து, பையில் கட்டி, சுற்றிலும் ஐஸ் போட்டு அன்றைக்கே பரிசோதனைக்குக் கொண்டு போங்கள். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரிக்கு உங்கள் ஊரிலிருந்து போய்விட்டு வந்துவிடலாம். மூளை, சிறுநீரகம் இரண்டிலிருந்தும் கிருமி வளர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் கேள்விக்கு இப்போதைக்குச் சுருக்கமாக: உண்டு. மீன் மூளைக்குள் காவல் இருக்கிறது. விவரமாக ராத்திரி எழுதுகிறேன்.


பாளை வாத்தியார்
திங்கள், மாலை 4:15

முப்பத்தைந்து வருடம் விலங்கியல் நடத்தியவன் நான். மூளை என்பது நோயெதிர்ப்பு எட்டிப் பார்க்காத சலுகை பெற்ற இடம் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். 1948-இல் பீட்டர் மெடாவர் என்ற பிரிட்டிஷ் உயிரியலாளர் ஒரு முயலின் தோலை இன்னொரு முயலின் மூளையில் பதித்துப் பார்த்தார். உடம்பின் வேறு இடத்தில் பதித்தால் ஒதுக்கித் தள்ளப்படும் தோல், மூளையில் பிழைத்துக் கிடந்தது. வகுப்பில் இந்தப் பாதியை மட்டும்தான் சொல்வோம்.

அவர் சோதனையில் இன்னொரு பாதி உண்டு. அதே முயலுக்கு முன்பே மார்புத் தோலில் ஒட்டுப்போட்டுப் பழக்கியிருந்தால், மூளையில் பதித்ததும் அழிந்தது. அதாவது வெளியே விழித்துக்கொண்ட காவல், மூளைக்குள்ளும் வந்து வேலை செய்தது. ஓய்வு பெற்ற பிறகுதான் இதைக் கவனித்தேன். எத்தனை வருடம் பாதியைச் சொல்லி அனுப்பினோம் என்று இப்போதும் உறுத்துகிறது. மீனில் நிலைமை என்ன என்று செவுள் என்ற பெயரில் எழுதும் அந்தப் பெண் எழுதுவதற்காகக் காத்திருக்கிறேன்.


செவுள்
திங்கள், இரவு 9:50

சார், நீங்கள் சொன்ன அந்த இரண்டாம் பாதியில்தான் விஷயமே இருக்கிறது.

வீட்டில் மீன் கழுவுகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். குடலை எடுத்த பிறகு, நடுமுள்ளை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு பட்டை ஒட்டியிருக்கும். கட்டை விரல் நகத்தால் சுரண்டிச் சுரண்டிக் கழுவுவோம். உறைந்த ரத்தம் என்று நினைப்போம். அது மீனின் சிறுநீரகம். அதில் தலைக்குப் பக்கத்தில் இருக்கும் முன்பகுதிக்குத் தலைச் சிறுநீரகம் என்று பெயர். மீனுக்கு எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவதில்லை, நிணநீர் முடிச்சுகளும் இல்லை. நமக்கு மஜ்ஜை செய்கிற வேலையை அதற்குத் தலைச் சிறுநீரகம் செய்கிறது. வெள்ளையணுக்கள் அங்கேதான் பிறக்கின்றன. தைமஸும் மண்ணீரலும் கூட உண்டு.

இப்போது மூளைக்கு வருவோம். அதற்குள்ளேயே குடியிருக்கும் காவல் செல்களுக்கு மைக்ரோகிளியா என்று பெயர். 1919-இல் ஸ்பெயின் நாட்டு ரியோ ஓர்தேகா இவற்றைத் தனியாக அடையாளம் கண்டார். மீனில் இவை எங்கிருந்து வருகின்றன என்பதை ஸீப்ரா மீனில் கண்ணால் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். கலர் மீன் கடையில் கோடு கோடாக ஓடுமே, அந்தச் சின்ன மீன்தான். கங்கைப் பக்கத்து மீன், 1822-இல் ஹாமில்டன் விவரித்தது. அதன் குஞ்சு கண்ணாடிபோல இருக்கும். கரு உருவாகி மூன்று நாள் ஆவதற்குள், மஞ்சள் கருப் பக்கமிருந்து விழுங்கும் செல்கள் ஊர்ந்து வந்து மூளைக்குள் நுழைகின்றன. அங்கே வளர்ச்சியின்போது இயல்பாகச் செத்துக்கொண்டிருக்கும் நரம்பு செல்கள்தான் அவற்றை இழுக்கின்றன. நுழைந்த செல் கிளை கிளையாக நீட்டித் தடவிப் பார்க்கும். செத்ததை அணைத்து, உள்ளிழுத்து, பைக்குள் அடைத்துச் செரிக்கும். 2008-இல் ஜெர்மன் உயிரியலாளர் நுஸ்லைன்-ஃபோல்ஹார்டின் ஆய்வகத்தில் இதை உயிருள்ள குஞ்சிலேயே படமெடுத்தார்கள். நான் முதன்முதலில் அந்தப் படத்தைப் பார்த்தபோது மூன்று தடவை ஓட விட்டுப் பார்த்தேன்.

ஒரு வித்தியாசம் சொல்ல வேண்டும். எலியில் அந்த முதல் கூட்டமே ஆயுள் முழுக்க மூளையில் நிற்கும். ஸீப்ரா மீனில் அப்படி இல்லை. மீன் வளர வளர, முதுகுப் பெருந்தமனிப் பக்கம் பிறந்த இன்னொரு கூட்டம் வந்து இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. 2015-இல் தெரிய வந்தது.

அப்புறம் எதிர்ப்பொருள். ஆன்டிபாடி என்றால் எல்லாருக்கும் புரியும். மீனில் முக்கியமாக இரண்டைச் சொல்ல வேண்டும். ஐஜிஎம் என்பது ரத்தத்தில் நிறைய ஓடுவது. நம் உடம்பில் ஐந்து Y வடிவக் கவட்டைகளைச் சேர்த்துக் கட்டியதுபோல இருக்கும், மீனில் நான்கு. ஐஜிடி (IgT) என்பது 2005-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இது செவுள், குடல், தோல், மூக்கு என்று வழவழப்பு இருக்கிற இடங்களின் காவல். இவற்றைச் சுரப்பது பி செல்கள் என்ற வெள்ளையணுக்கள். மீனின் பி செல்லுக்கு இன்னொரு திறமையும் உண்டு. கிருமியைத் தானே விழுங்கிக் கொல்லும். பாலூட்டிகளின் பி செல் அந்த வேலைக்குப் பேர் போனதில்லை என்பதால், 2006-இல் இது வெளிவந்தபோது துறையில் பெரிய பேச்சு.

சரி, இந்த எதிர்ப்பொருள் மூளைக்குள் போகுமா? மூளையின் ரத்தக் குழாய்ச் சுவர் மட்டும் செங்கல்லுக்குச் செங்கல் சிமென்டு பூசியதுபோல இறுகியிருக்கும். மீனுக்கும் இந்தத் தடுப்பு உண்டு. அது ஒழுங்காக நிற்கும்போது ரத்தத்தில் ஓடும் எதிர்ப்பொருள் அவ்வளவு சுலபமாக உள்ளே வராது. நம் உடம்பிலேயே ரத்தத்தில் இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்கு போல்தான் மூளைக்குள் எட்டுகிறது. ஆனால் கிருமி உள்ளே புகுந்து வீக்கம் வந்தால் பூச்சு விரிசல் விடும். அப்போது எதிர்ப்பொருளும் வரும், பி செல்லும், டி செல் என்ற இன்னொரு வகை வெள்ளையணுவும் நேரிலேயே வரும். நோடா தாக்கிய மீன்களின் மூளையில் ஐஜிஎம்முக்கான மரபணு வேலை செய்வதைக் கண்டிருக்கிறார்கள். ஊரிலிருந்து ஆயுதம் அனுப்புவதற்குப் பதிலாக ஆயுதம் செய்கிற கொல்லனே வந்து உலை போட்டதுபோல.


விடாக்கண்டன்
திங்கள், இரவு 11:30

மேடம், நான் பயோடெக் படிக்கிறேன். கடைசிப் பத்தியை ஒப்புக்கொள்ள முடியவில்லை. மீன் மூளையை எடுத்து அரைத்து மரபணுச் சோதனை செய்தால், அதிலுள்ள நுண்குழாய்களில் தேங்கிய ரத்தமும் சேர்ந்துதான் அரைபடும். ரத்தத்தில் பி செல் இருக்கும். அந்த ஐஜிஎம் சைகை ரத்தத்திலிருந்து வந்திருக்கலாமே? மூளைக்குள் வந்ததற்கு அது எப்படிச் சாட்சி ஆகும்?


செவுள்
செவ்வாய், காலை 6:05

தம்பி, நல்ல கேள்வி. வெறும் மரபணுச் சைகையை மட்டும் வைத்துச் சொன்னால் உங்கள் சந்தேகம் நியாயம்தான். நான் எழுதியபோது அதைச் சொல்லாமல் விட்டது என் தவறு.

அதற்குத்தான் இரண்டு வேலை செய்வார்கள். மீனை மயக்கி, இதயத்தில் ஊசி ஏற்றி, உப்புக் கரைசலை ஓடவிட்டு ரத்தக் குழாய்களை அலசிவிடுவார்கள். செவுள் சிவப்பு போய் வெளுத்துவிடும். அதுதான் அலசியாயிற்று என்பதற்கு அடையாளம். பிறகு மூளையை மெல்லிய சீவலாகச் சீவி, பி செல்லில் மட்டும் ஒட்டும் ஒளிரும் சாயம் போட்டு, அந்தச் செல் குழாய்க்கு உள்ளே நிற்கிறதா, சுவரைத் தாண்டி நரம்பு செல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறதா என்று நேராகப் பார்ப்பார்கள். கட்டுரையைப் படிக்கும்போது இந்த இரண்டும் செய்திருக்கிறார்களா என்று முதலில் தேடுங்கள். நானும் அப்படித்தான் படிப்பேன்.

இன்னொன்று. மூளைத் திசு வேறு, மூளையைப் போர்த்தியிருக்கும் உறை வேறு. காவல் செல்கள் உறையில் கூட்டமாக நிற்கும், உள்ளே அரிதாக வரும். 2017-இல் ஸீப்ரா மீனின் மூளையுறையில் நிணநீர்க் குழாய்ச் செல்களைப் போன்றவை குழாயாகச் சேராமல் தனித்தனியாக நிற்பதைக் கண்டார்கள். கழிவைப் பொறுக்கி எடுக்கிற வேலை அவற்றுக்கு. மூளை என்று பொதுவாகச் சொல்லும்போது உறையைச் சொல்கிறோமா திசுவைச் சொல்கிறோமா என்பதைப் பிரித்துச் சொல்லிப் பழக வேண்டும்.


கடையத்துப் பண்ணை
செவ்வாய், இரவு 8:20

இன்றைக்குத் தூத்துக்குடி போய்விட்டு வந்தேன். சுற்றிக்கொண்டிருந்த நான்கு மீன்களை உயிரோடு வாரி, இரண்டை ஐஸில் கொண்டு போனேன். மிச்சம் இரண்டைச் சின்டெக்ஸ் தொட்டியில் தனியாக விட்டிருக்கிறேன்.

அங்கே என் கண் முன்னாலேயே தலையைத் திறந்தார்கள். கத்தரியைக் கண்ணுக்குப் பின்னால் வைத்து, மண்டை ஓட்டை மூடிபோல எடுத்தார் ஒரு தம்பி. உள்ளே முதலில் கொழகொழவென்று கொழுப்பு மாதிரி ஒன்று. அதை ஒதுக்கினால் மூளை. இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது எனக்கு. புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். நடுவில் இரண்டு உருண்டை, பார்வைக்கானது என்றார். பின்னால் ஒரு சின்ன மேடு, உடம்பை நேராக நிறுத்துவதற்கானது என்றார். வெள்ளையாக இருக்க வேண்டியதாம். என் மீனில் ரத்தம் கோத்து, சிவப்பு நூல் சுற்றியதுபோல இருந்தது. அந்தப் பின்மேட்டில் கலங்கலாக ஒரு படலம்.

நுனியில் பஞ்சு சுற்றிய குச்சியால் ஒற்றி எடுத்து, கிருமி வளர்க்கும் ரத்தம் கலந்த தட்டில் தடவினார். இன்னொரு ஒற்றலைக் கண்ணாடிச் சில்லில் இழுத்துச் சாயம் போட்டு, என்னையும் நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். ஊதா நிறத்தில் மணி மணியாக, கோத்த பாசிமணி அறுந்து விழுந்த மாதிரி கிடந்தது. 63 மீனைக் கொன்றது இதுதானா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். முடிவு வர மூன்று நாள் ஆகுமாம்.

ஒரு கேள்வி. ரத்தத்தில் காவல், உறையில் காவல், உள்ளே காவல் என்று இவ்வளவு சொல்கிறீர்களே, பிறகு எப்படி இது அங்கே போய் உட்கார்ந்தது?


மேலப்பாளையத்தாள்
செவ்வாய், இரவு 8:55

அண்ணே, முதலில் ஒன்று. மீனைக் கையாளும்போது கையுறை போடுங்கள். நான் நர்ஸ். ஜிலேபியின் முள் குத்திய கையில் இந்த வகைக் கிருமி புகுந்து, கை வீங்கி மருத்துவமனைக்குப் போனவர்களைப் பற்றி 1995-96-இல் கனடாவில் பதிவு செய்திருக்கிறார்கள். 2015-இல் சிங்கப்பூரில் பச்சை மீன் சாப்பிட்டவர்களுக்கு இதே குடும்பத்துக் கிருமியால் ரத்தத் தொற்றும் மூளையுறைக் காய்ச்சலும் வந்தது. நம் ஊரில் குழம்பு கொதிக்கக் கொதிக்க வைப்பதால் சாப்பாட்டில் அந்தப் பயம் இல்லை. ஆனால் நோயில் செத்த மீனைச் சந்தைக்கு அனுப்ப வேண்டாம். கையில் புண் இருந்தால் குட்டையில் இறங்காதீர்கள். சர்க்கரை இருக்கிறவர்கள் ரொம்பக் கவனம்.


செவுள்
செவ்வாய், இரவு 10:30

அக்கா சொன்னதை அப்படியே செய்யுங்கள் அண்ணாச்சி.

எப்படிப் போய் உட்கார்ந்தது என்பதற்கு: காவல்காரன் முதுகில் ஏறித்தான் பல நேரம் போகிறது. இந்தக் குடும்பத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனியே என்று ஒன்று உண்டு. வெள்ளையணு அதை விழுங்கும், ஆனால் அது செரிக்காமல் உள்ளேயே உயிரோடு கிடக்கும். அந்த வெள்ளையணு ரத்தத்தில் சுற்றி, சுவரைத் தாண்டுகிற உரிமையோடு மூளைக்குப் போனால், கிருமியும் கூடவே போய் இறங்கும். அதோடு, வெயிலில் சூடேறிய தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். நெருக்கடியாக அடைத்த மீன் ஏற்கெனவே இளைத்துப் போயிருக்கும். முதல் வாசலான செவுளிலும் தோலிலும் காவல் தளர்ந்திருக்கும். கடைசி வாசலில் மட்டும் எப்படி நிற்கும்?

மூக்கு இன்னொரு வழி. மீனுக்கு மூக்கா என்று கேட்காதீர்கள். கண்ணுக்கு முன்னால் ஜிலேபிக்குப் பக்கத்துக்கு ஒரு துவாரம் இருக்கும். மூச்சுக்கு இல்லை, மணம் பிடிக்க. அதற்குள் இருக்கும் நரம்பு செல்லின் ஒரு முனை நேராகத் தண்ணீரில் நனைகிறது, மறுமுனை மூளையில் முடிகிறது. நடுவில் வேறு மதகு கிடையாது. அமெரிக்கக் கெளுத்தியில் எட்வர்ட்சியெல்லா என்ற பாக்டீரியா இந்த மூக்கு நரம்பைப் பிடித்துக்கொண்டே மூளைக்குப் போய், மண்டையில் ஓட்டையே விழ வைக்கும். இத்தனை திறந்த வாசல் என்பதால்தான் மீனின் மூக்கிலும் ஐஜிடி காவல் நிற்கிறது. ட்ரவுட் மீனில் வைரஸ் மூக்கைத் தொட்ட சில நிமிடங்களிலேயே மணம் பிடிக்கும் நரம்பு செல் மின்சைகை அனுப்பி, நோயெதிர்ப்பை எழுப்பிவிடுவதை 2019-இல் காட்டினார்கள். நரம்பே காவல்மணி அடிக்கிறது.


கூந்தன்குளத்துக்காரன்
புதன், காலை 7:00

கேட்கத் தோன்றியது. பக்கத்து ஊர்க் குளத்தில் பாசிப்பாட்டம் (மீன் குத்தகை) எடுத்தவர்கள் சொல்வார்கள், கிறுக்குப் பிடித்த மீனைத்தான் செங்கால் நாரை முதலில் கொத்தும் என்று. சுற்றுகிற மீன் மேலே வருகிறது, பறவைக்கு வசதி. இதில் ஏதாவது உண்மை உண்டா?


செவுள்
புதன், காலை 8:45

நோய் பிடித்த மீன் மேலே வந்து கண்ணில் படும், கொத்துப்படும். அது சரிதான். இதில் இன்னும் ஆழமான கதை ஒன்று கலிபோர்னியாவின் உப்பங்கழிகளில் இருக்கிறது. அங்கே கில்லி மீன் என்ற சின்ன மீனின் மூளை மேல் ஒரு தட்டைப்புழுவின் இளம்பருவம் கூடு கட்டிப் படிந்துகொள்ளும். நூற்றுக்கணக்கில், சில மீனில் அதற்கும் மேல். மீன் சாகாது. ஆனால் புழு இல்லாத மீனைவிட நான்கு மடங்கு அதிகமாகப் பக்கவாட்டில் பளிச்சிட்டும் துடித்தும் மேலே வரும். பறவை தின்பது 10 முதல் 30 மடங்கு கூடுகிறது என்று 1996-இல் கணக்கிட்டார்கள். புழு முதிர்ச்சி அடைவது பறவையின் குடலில்தானே. இவ்வளவு புழு மூளை மேலேயே உட்கார்ந்திருந்தும் மீனின் காவல் அவற்றைத் துரத்துவதில்லை. சண்டை போட்டால் மூளையே வீங்கும்.


உவரிக்கரை
புதன், மதியம் 1:10

இதைத்தான் கேட்க வந்தேன் தங்கச்சி. என் கொடுவாக் குஞ்சில் பிழைத்தது கொஞ்சம் இருந்தது. அவை நன்றாக வளர்ந்தன. அப்படியானால் அவற்றின் மூளையில் எதிர்ப்பு வந்துவிட்டது, இனி பயமில்லை என்று வைத்துக்கொள்ளலாமா? அந்த மீனைத் தாய் மீனாக வைத்து முட்டை எடுக்கலாமா?


செவுள்
புதன், இரவு 9:15

அண்ணே, தயவுசெய்து வேண்டாம். நோடா பிழைத்த மீனின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கும். ஆனால் வைரஸ் நரம்பு செல்லுக்குள் மாதக் கணக்கில் பதுங்கிக் கிடக்கும். நரம்பு செல் செத்தால் ஈடு செய்வது கஷ்டம் என்பதால், காவல் அங்கே முழு வேகத்தில் அடிப்பதில்லை. அந்தத் தயக்கம்தான் வைரஸுக்கு நிழல். அந்த மீன் முட்டையிட்டால் குஞ்சுக்கும் போகும்.

முழு வேகத்தில் அடித்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறார்கள். தைவானில் பெரிய களவா மீனில் செய்த வேலை அது. நோடா பிடித்த மைக்ரோகிளியா, இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற வீக்கச் சைகையை வெளியே விடுகிறது. அந்தச் சைகையே பக்கத்து நரம்பு செல்களைக் கொல்கிறது. 2017-இல் வந்த முடிவு. கொடுவா மூளையைச் சீவிப் பார்த்தால் சல்லடைபோல ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அதில் எவ்வளவு வைரஸ் செய்தது, எவ்வளவு காவல் செய்தது என்று பிரிப்பது லேசில்லை.

அதனால்தான் தடுப்பூசி. சென்னையில் இருக்கும் சிபா (மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம்), கொடுவாவுக்கு நோடா தடுப்பூசி உருவாக்கியிருக்கிறது. வைரஸ் ரத்தத்தில் இருக்கும்போதே, மூளைக்குள் போவதற்கு முன்பே, எதிர்ப்பொருள் அதைப் பிடித்துவிட வேண்டும் என்பதுதான் எண்ணம். கடையம் அண்ணாச்சி கேட்ட ‘மூளை வரைக்கும் போகுமா’ என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: போகவே தேவையில்லாதபடி வெளியிலேயே முடிக்கப் பார்க்க வேண்டும்.

நம் ஊர் வெயிலுக்கு இதில் ஒரு நன்மை உண்டு. மீனின் உடம்பு தண்ணீர்ச் சூட்டோடு போவதால், எதிர்ப்பொருள் ஊறும் வேகமும் அதோடு போகும். மீன் தடுப்பூசிக்காரர்கள் நாளையும் சூட்டையும் பெருக்கிக் கணக்குச் சொல்வார்கள். 500 என்று வைத்தால், 10 பாகை குளிர் நாட்டில் 50 நாள் காத்திருக்க வேண்டும். 28 பாகைத் தண்ணீரில் 18 நாளில் முடிந்துவிடும்.


பாளை வாத்தியார்
வியாழன், காலை 10:20

நேற்று ராத்திரி ஒன்று படித்தேன், தூக்கம் வரவில்லை. 2024-இல் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தார், நோயே இல்லாத ட்ரவுட், சால்மன் மீன்களின் மூளையில் உயிருள்ள பாக்டீரியா குடியிருப்பதாக எழுதியிருக்கிறார்கள். மூளையில் கிருமி இருந்தால் நோய் என்று கரும்பலகையில் எழுதிய கை இது. தொற்றாத, வீங்காத மூளையில், குடிவாடகை கொடுத்து இருப்பதுபோல அவை இருக்கின்றனவாம். இதை எப்படி எடுத்துக்கொள்வது?


விடாக்கண்டன்
வியாழன், காலை 11:05

சார், மூளையை எடுக்கும்போது கத்தியிலிருந்தோ தோலிலிருந்தோ ஒட்டியிருக்கலாம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. மேடம் சொன்னபடி செய்முறையைத் தேடிப் படித்தேன். ரத்தத்தை அலசிவிட்டுத்தான் எடுத்திருக்கிறார்கள். டிஎன்ஏ மட்டும் பார்க்காமல் தட்டில் வளர்த்தும் காட்டியிருக்கிறார்கள், சீவலில் கண்ணாலும் பார்த்திருக்கிறார்கள். ஓரளவு மனது ஒப்புகிறது. ஆனால் நம் ஜிலேபியிலும் விராலிலும் யாராவது இதைச் செய்து பார்க்க வேண்டும். சூட்டுத் தண்ணீர் மீன் வேறு மாதிரி இருக்கலாம். முதுநிலைத் திட்டத்துக்கு இதையே கேட்டுப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன்.


செவுள்
வியாழன், மதியம் 2:30

கேளுங்கள் தம்பி, கட்டாயம் கேளுங்கள். விராலில் யாராவது செய்தால் முதல் ஆளாகப் படிப்பேன்.

சார், நான் எடுத்துக்கொள்வது இப்படி. உள்ளே குடியிருப்பவை இருக்கும்போதே காவல் கொதிக்காமல் இருக்கிறதென்றால், அது தூங்கவில்லை, எதை விடலாம் எதை அடிக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது.


கடையத்துப் பண்ணை
சனி, காலை 6:45

முடிவு வந்துவிட்டது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் குடும்பம்தான், அதில் அகலாக்டியே என்ற வகை. எந்த மருந்துக்கு அசையும், எதற்கு அசையாது என்றும் பார்த்துக் கொடுத்தார்கள். நான் ஐந்து நாள் போட்ட பொடிக்கு அது அசையவே இல்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்ததை அவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரைக்கும் போடுகிறேன். தீனி நிறுத்தி, காற்றூட்டி போட்டதிலேயே சாவு பாதிக்குக் கீழே வந்துவிட்டது. நேற்று மூன்று மட்டும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். சின்டெக்ஸ் தொட்டியில் விட்ட இரண்டில் ஒன்று புதன் ராத்திரி செத்துவிட்டது. இன்னொன்று நேற்றுச் சாயங்காலம் சுற்றலை நிறுத்திவிட்டது. இன்று காலை நேராக நிற்கிறது, நேராக நீந்துகிறது. இதற்கும் வலது கண்தான் வெளுத்திருந்தது, அது அப்படியேதான். கையை அந்தப் பக்கம் கொண்டுபோனால் தெரியவில்லை, இடப்பக்கம் கொண்டுபோனால் பாய்கிறது. ஒரு தீனி உருண்டை எடுத்தது. அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இவ்வளவு சேதமான மூளை திரும்புமா தங்கச்சி? இதைக் குட்டையில் விடலாமா?


செவுள்
சனி, காலை 8:10

அண்ணாச்சி, மீன் மூளைக்கு ஒரு வரம் உண்டு. நம் மூளையில் அடிபட்ட இடம் தழும்பாகும். ஸீப்ரா மீனில் அடிபட்ட இடத்தில் புது நரம்பு செல் பிறக்கும். அதை ஆரம்பித்து வைப்பதே காவல் செல்கள் கொண்டுவரும் வீக்கம்தான் என்று 2012-இல் ஜெர்மனியின் ட்ரெஸ்டனில் காட்டினார்கள். காயமே பண்ணாமல் வீக்கத்தை மட்டும் உண்டாக்கினாலும் மூளையின் தண்டு செல்கள் (புது செல்களைப் பிறப்பிக்கும் மூலச் செல்கள்) விழித்துப் பெருக ஆரம்பித்தன. எந்த வீக்கம் உங்கள் மீனைச் சுற்ற வைத்ததோ, அதே வகை வீக்கத்துக்கு அங்கே ஆற்றுகிற வேலையும் உண்டு. உங்கள் ஜிலேபியில் நடந்தது அதுதானா, வெறும் வீக்கம் வடிந்ததா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

குட்டையில் விடாதீர்கள். நேராக நீந்துகிற மீன், கிருமி இல்லாத மீன் ஆகிவிடாது. அந்தத் தொட்டிக்கென்று தனி வலை, தனி வாளி. தண்ணீரைக் கீழே விடும் முன் பிளீச்சிங் பவுடர் போட்டு ஒரு நாள் வையுங்கள். எவ்வளவு நாள் இருக்கிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள்.


கடையத்துப் பண்ணை
சனி, காலை 8:40

சரி தங்கச்சி. தேதி போட்டு நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டேன். அது எப்போது போனாலும் தலையை ஐஸில் வைத்து உங்களுக்குத்தான் அனுப்புவேன்.